கோணேசபுரிக்குச் சித்த மருத்துவம் படிக்க வரும் பெண் பிள்ளை சிநேகிதம் பிடிப்பது எப்படி?

"தங்கச்சிக்குக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது. நாங்கள் ஹட்டன். அங்கே ஒருத்தரையும் தெரியாது, அவள் வாய் திறந்து பேசவும் மாட்டாள். மருத்துவம் படிக்கும் பெண் பிள்ளைகள் எப்படித்தான் சிநேகிதம் பிடிக்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள், தம்பி. இந்தக் கேள்விக்கு எல்லாரும் வழக்கமாகச் சொல்லும் பதில், சிரித்துப் பழகச் சொல்லுங்கள், சங்கங்களில் சேரச் சொல்லுங்கள் என்பது. பேசாத பிள்ளைக்கு இந்த இரண்டுமே தண்டனை. அவளுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. அதே நாலைந்து பேரோடு, அதே வேலையை, திரும்பத் திரும்பச் செய்யும் இடத்தில் அவள் இருந்தால் போதும். சித்த மருத்துவப் படிப்பில் அப்படிப்பட்ட வேலைக்குக் குறைவே இல்லை. அதை எப்படிப் பிடித்துக்கொள்வது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் ஒன்று. "சித்தமெல்லாம் ஒரு மருத்துவப் படிப்பா, அதற்கு எதற்கு இவ்வளவு" என்று யாராவது கீழே வந்து எழுதுவார்கள். ஐந்து வருடப் படிப்பு, அதன் பிறகு உள்ளகப் பயிற்சி, அதன் பிறகு 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டத்தின் கீழ் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு. இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு பிள்ளை தனியாக வைத்தியம் செய்கிறாள். விஞ்ஞானப் பிரிவில் ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதி, பல்கலைக்கழகத் தெரிவுக்கான இசட் புள்ளியில் தெரிவாகி வந்தவள் அவள். இதை நான் கோபத்தில் சொல்லவில்லை. இந்தப் பேச்சுக்கும் உங்கள் கேள்விக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது.

முதல் ஆறு மாதத்தில் ஒரு பட்சில், அதாவது ஒரே வருடம் சேர்ந்த பிள்ளைகளுக்குள், சிநேகிதம் வளராமல் போவதற்கு முதல் காரணமே இந்தப் பேச்சுத்தான். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை என்ற வருத்தத்தோடு வரும் பிள்ளைகள் நிறையப் பேர். வீட்டில் யாராவது "இன்னொருக்கா எழுதிப் பாரன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள். அப்படி வந்தவள் அறையில் பெட்டியைக்கூட முழுதாகப் பிரிக்க மாட்டாள். வகுப்பில் பின்வரிசை, வெள்ளிக்கிழமை ஆனால் பஸ். போகப் போகிறவளோடு எதற்குப் பழகுவது என்று மற்றவர்களும் விட்டுவிடுவார்கள். பிறகு அவள் இங்கேயே இருக்க முடிவெடுக்கும் நேரத்தில் குழுக்கள் எல்லாம் அமைந்து முடிந்திருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் இந்த விஷயத்தை அவள் வருவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். இருப்பதா போவதா என்று ஒரு முடிவு. இருப்பது என்றால், முதல் இரண்டு மாதத்தில் வார இறுதிக்கு வீட்டுக்கு வரச் சொல்லி இழுக்காதீர்கள். ஹட்டனிலிருந்து கண்டி, தம்புள்ளை, ஹபரணை என்று மாறி மாறி வந்து போவதற்கே இரண்டு நாளும் சரி. விடுதியில் பிள்ளைகள் ஒன்றாக உடுப்புத் தோய்த்து, ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகக் கோயிலுக்குப் போவது அந்தச் சனி ஞாயிறில்தான்.

இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வளாகம் நகரத்துக்குள் இல்லை. உப்புவெளி, சாம்பல்தீவு பக்கத்தால் நிலாவெளி வீதியில் போக வேண்டும். கோணேசபுரி என்று கேட்டு இறங்க வேண்டும். சித்த மருத்துவத்தோடு பிரயோக விஞ்ஞானமும், தொடர்பாடல், வணிகக் கற்கைகளும் அங்கேதான். சித்த பட்ச் சிறியது, பெண் பிள்ளைகள்தான் அதிகம். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மன்னார், வவுனியா, அம்பாறை, மலையகம், உள்ளூரில் கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். இப்படிச் சிறிய, பெண்கள் கூடிய பட்சில் சிநேகிதம் கிடைப்பது பெரிய சிக்கல் இல்லை. பத்தாம் நாளே ஒரு அறைக்குள், ஒரு ஊர்க்காரருக்குள் பூட்டுப்பட்டுப் போவதுதான் சிக்கல். ஐந்து வருடமும் அதே முகங்கள். இரண்டு பேர் கோபித்தால் பட்சே இரண்டாகும். இடம் மாறி உட்கார வேறு வரிசைகூட இருக்காது.

அதனால் முதல் நாட்களில் அவள் செய்ய வேண்டியது, யாரோடும் மிக நெருங்காமல் எல்லாரோடும் கொஞ்சம் பழகுவது. கூச்சப்படும் பிள்ளைக்கு இது சுலபம் என்றே நினைக்கிறேன். விரிவுரையில் ஒரே ஆளின் பக்கத்தில் தொடர்ந்து உட்காராமல், செய்முறைக் குழுப் பட்டியல் வரும்வரை இடம் மாறி மாறி உட்காரட்டும். அறைக்குக் கொண்டு வருவதில் மூன்று பொருளை மறக்க வேண்டாம்: நீளமான வயரோடு ஒரு மல்டி பிளக், ஒரு சுடுதண்ணீர் பிளாஸ்க், நல்ல தேயிலைத்தூள் ஒரு பக்கெட். விடுதி அறையில் பிளக் பொயின்ட் போதாது, இரவு படிக்கும்போது எல்லாருக்கும் தேத்தண்ணி வேண்டும், மலைநாட்டுத் தேயிலை என்றால் கேட்டு வருவார்கள். இந்தப் பொருட்கள் இருக்கிற அறைக்கு ஆட்கள் தாமாக வருவார்கள், அவள் ஒருவரிடமும் போய்ப் பேச்சைத் தொடங்கத் தேவையில்லை. விடுதியில் தண்ணீர் சுடவைக்க ஹீட்டர் பாவிக்க அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். பல விடுதிகளில் தடை. பிடிபட்டால் அறையில் உள்ள எல்லாருக்கும் பிரச்சினை, அது பகையில் முடியும்.

பேச்சு வழக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலையகப் பிள்ளையின் பேச்சைக் கேட்டு முதல் வாரத்தில் யாராவது சிரிப்பார்கள். மட்டக்களப்புப் பேச்சுக்கும் அது நடக்கும், முஸ்லிம் பிள்ளைகளின் பேச்சுக்கும் நடக்கும். உங்கள் தங்கச்சி தன் பேச்சை மாற்றிக்கொள்ள முயல வேண்டாம். மாற்ற முயன்றவர்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டு இன்னும் ஒதுங்கிப் போவார்கள். சிரித்தவளோடு ஒரு செய்முறைக் குழுவில் வேலை செய்து பார்க்கட்டும், அந்தச் சிரிப்பு தானாக நின்றுவிடும்.

இனி முக்கியமான பகுதி, மருந்து செய்முறை. மருந்துச் சரக்குகளைப் பற்றிய பாடமான குணபாடத்தின் செய்முறைக்குக் குழுவாகத்தான் விடுவார்கள். தைலம் காய்ச்சுவதை எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய், சாறு, கற்கம் (அரைத்த மூலிகை விழுது) மூன்றும் சேர்ந்து கொதிக்கத் தொடங்கினால் ஒருவர் விடாமல் கிண்ட வேண்டும், இல்லாவிட்டால் கற்கம் அடிப்பிடிக்கும். இன்னொருவர் நெருப்பை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். மூன்றாவது ஆள் கற்கத்தைக் கொஞ்சம் எடுத்து விரலில் உருட்டிப் பதம் பார்க்க வேண்டும்: மெழுகுபதமா, கடுகுபதமா, மணற்பதமா என்று. நெருப்பில் போட்டால் சடசடக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாலாவது ஆள் நேரத்தையும் நிறத்தையும் மணத்தையும் எழுத வேண்டும். இரண்டு மணித்தியாலம் ஒரு சட்டியைச் சுற்றி நின்றால் பேசாதவளும் பேசுவாள். "நெருப்பைக் குறை" என்றாவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

இங்கே ஒரு பிழை வழக்கமாக நடக்கும். எழுத்து அழகான பிள்ளை எப்போதும் எழுதுவாள், துணிச்சலான பிள்ளை எப்போதும் பதம் பார்ப்பாள், அமைதியான பிள்ளை எப்போதும் சட்டி கழுவுவாள். ஒரு தவணை முழுதும் கழுவியவளுக்குச் சோதனையில் பதம் கேட்டால் தெரியாது, குழு மேல் மனக்கசப்பும் வந்திருக்கும். அதனால் முதல் செய்முறையன்றே ஒரு தாளில் நாலு வேலையையும் எழுதி, பெயர்களை ஒவ்வொரு வாரமும் ஒரு படி தள்ளி ஒட்டிவிட வேண்டும். கிண்டுவது 20 நிமிடத்துக்கு ஒரு ஆள் என்று மாறலாம். உங்கள் தங்கச்சி இந்தத் தாளைத் தயாரிக்கும் ஆளாக இருக்கட்டும். அதற்குக் குரல் உயர்த்தத் தேவையில்லை, பேனா போதும். தாள் வைத்திருப்பவளைக் குழு தேடி வரும்.

கல்வத்தில், அதாவது மருந்து அரைக்கும் கல்லில், அரைப்பது இன்னும் நல்ல இடம். மாத்திரைக்கு இலைச்சாறு விட்டு அரைக்கும்போது பாடத்தில் சாமக் கணக்குத்தான் சொல்வார்கள். ஒரு சாமம் என்றால் மூன்று மணித்தியாலம். ஒருத்தியால் முடியாது, தோள்பட்டை விட்டுப் போகும். இரண்டு இரண்டு பேராக அரை மணிக்கு ஒரு முறை மாறி அரைக்க வேண்டும். அந்த நேரத்தில் கை வேலையாக இருக்கும், கண் கல்வத்தில் இருக்கும், எதிரில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. கூச்சமுள்ள பிள்ளைகள் வீட்டுக் கதை, கவலை எல்லாம் சொல்லத் தொடங்குவது அங்கேதான். சோடி மாறி மாறி வரும்படி பார்த்துக்கொள்ளட்டும். ஒரே ஆளோடு எப்போதும் அரைக்க வேண்டாம்.

மூலிகை சேகரிப்பும் அப்படித்தான். ஆவாரை, ஆடாதோடை, நொச்சி, மூக்கிரட்டை, கீழ்காய்நெல்லி என்று பட்டியல் தருவார்கள். உலர்ந்த செடிகளை ஒட்டும் ஏட்டுக்குப் பூவோடு, முடிந்தால் காயோடு கிளை வேண்டும். மழை கிழக்கே ஐப்பசியில் தொடங்கித் தை வரை இழுக்கும். அந்தக் காலத்தில் செடிகள் தளிர்த்திருக்கும், ஆனால் பத்திரிகைத் தாளுக்குள் வைத்த கிளை பூஞ்சணம் பிடிக்கும், ஆரம்ப நாட்களில் தாளைத் தினமும் மாற்ற வேண்டும். கச்சான் காற்றுக் காலத்தில் இரண்டு மூன்று நாளில் காயும், ஆனால் வெளியே செடியே கருகிக் கிடக்கும். இதைத் தனியாகச் செய்தால் பாதி ஏடு வெறுமையாக நிற்கும். நாலு பேர் சேர்ந்து ஒவ்வொருவரும் தம் ஊருக்குப் போகும்போது நாலு நாலு கிளை கொண்டு வருவது என்று பிரித்துக்கொண்டால் எல்லாருக்கும் ஏடு நிறையும். மலைநாட்டில் மட்டும் வளர்கிற செடிகளை உங்கள் தங்கச்சியால் கொண்டு வர முடியும், கரையோரப் பிள்ளைகளுக்கு அது கிடைக்காது. பட்சில் அவளுக்கென்று ஒரு இடம் உண்டாவது இப்படியான காரியங்களால்தான்.

குப்பி வகுப்பு இலங்கைப் பல்கலைக்கழகங்களில் எல்லாருக்கும் தெரிந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது, சம்பளம் இல்லை. பெண்கள் விஷயத்தில் இதில் ஒரு உண்மையான தடை இருக்கிறது. நல்ல குப்பிகள் இரவில் நடக்கின்றன. பெண்கள் விடுதிக் கதவு மூடும் நேரம் தாண்டி ஆண் பிள்ளைகள் தங்குமிடத்தில் நடப்பதற்குப் பெண் பிள்ளைகளால் போக முடியாது. பழைய வினாத்தாள், குறிப்பு எல்லாம் அங்கே கைமாறிவிடும். "பெண்களுக்கு மட்டும் ஏன் தனியாக எழுதுகிறீர்கள்" என்று கேட்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். இதற்குச் செய்யக்கூடியது, பின்னேரம் வகுப்பு முடிந்த கையோடு வளாகத்துக்குள்ளேயே குப்பி வைக்கும்படி பட்ச் முழுதுமாகக் கேட்பது. தனியாக ஒருத்தி கேட்டால் காது கொடுக்க மாட்டார்கள், பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் நேரம் மாறும். அது சரிவராவிட்டால் விடுதிக்குள்ளேயே சிறியதாக ஒன்று தொடங்கலாம். நாலு அல்லது ஐந்து பேர், அதற்கு மேல் வேண்டாம். 45 நிமிடம். ஒவ்வொரு நாளும் ஒருத்தி ஒரு சின்னத் தலைப்பு. கையின் எலும்புகள் அல்லது திரிபலாவின் மூன்று சரக்குகள், அவ்வளவு சின்னதாக. பத்து நிமிடம் பேச வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால் கூச்சமுள்ள பிள்ளை தயார் செய்துகொண்டு நன்றாகப் பேசுவாள். நோன்பு மாதத்தில் பின்னேர வகுப்பைக் காலைக்கு மாற்றுங்கள், நோன்பு திறக்கும் நேரத்தில் வைத்தால் கிண்ணியா முஸ்லிம் பிள்ளை வரமாட்டாள், ஏன் வரவில்லை என்று சொல்லவும் மாட்டாள். அப்படித்தான் குழுவிலிருந்து ஆட்கள் சத்தமில்லாமல் விடுபட்டுப் போகிறார்கள்.

சீனியர் அக்காமாரைப் பற்றி. "ராகிங் வாங்கினால்தான் சீனியர் பழக்கம் கிடைக்கும்" என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது பொய், ஆபத்தான பொய். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி பகிடிவதை குற்றம். இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை உண்டு, பாலியல் தொல்லையோ கடும் காயமோ சேர்ந்தால் பத்து வருடம் வரை போகும். நடந்தால் நாள், நேரம், இடம், பெயர் எல்லாம் அன்றே ஒரு கொப்பியில் எழுதி, குறுஞ்செய்தி வந்திருந்தால் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மாணவ ஆலோசகரிடமும் விடுதிப் பொறுப்பாளரிடமும் போக வேண்டும். சீனியர் பழக்கத்துக்கு நேர்வழி வேறு. ஒரு அக்காவிடம் போய் ஒரே ஒரு பொருளைக் கேட்பது: போன வருடச் செய்முறைப் பதிவேடு, அல்லது உடற்கூற்றியல் வினாத்தாள். எப்போது திருப்பித் தருவேன் என்று நாள் சொல்லி வாங்கி, அந்த நாளுக்கு முதல் நாளே கொடுத்துவிட வேண்டும். "உதவி செய்யுங்கோ அக்கா" என்று பொதுவாகக் கேட்டால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. திட்டமாகக் கேட்டு, சொன்ன நாளில் கொடுத்த பிள்ளையை எந்த அக்காவும் மறக்க மாட்டாள். இரண்டாம் முறை கேட்கும்போது அவளே தன் குறிப்பையும் சேர்த்துத் தருவாள்.

கிளினிக்கல், அதாவது வைத்தியசாலைப் பயிற்சி, தொடங்கினால் எல்லாம் ஒரு முறை கலையும். குழுக்கள் புதிதாகப் போடப்படும், கப்பல்துறைப் பக்கம் வைத்தியசாலைக்குப் போக வர நேரம் போகும், முதலாம் வருடச் சிநேகிதியை வாரத்தில் ஒருநாள்தான் காண முடியும். இதைப் பிரிவு என்று எடுத்துக்கொண்டு அழும் பிள்ளைகள் உண்டு. முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவ்வளவு உறுத்தாது. வாரத்தில் ஒரு சாப்பாட்டு நேரத்தைப் பழைய குழுவுக்கென்று வைத்துக்கொள்ளலாம். புதிய குழுவில் சேர நல்ல வழி நாடி பழகுவது. நோயாளியிடம் போவதற்கு முன் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத்தான் பழக வேண்டும். பெண்களுக்கு இடக்கை, ஆண்களுக்கு வலக்கை, ஆட்காட்டி விரலில் வாதம், நடுவிரலில் பித்தம், மோதிர விரலில் ஐயம் (கபம்). காலையில் எழுந்ததும், சாப்பிட்ட பிறகு, படி ஏறி வந்த பிறகு என்று ஒரே ஆளின் நாடியை வேறு வேறு நேரத்தில் பார்த்து எழுதிவைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். நாக்கு, நிறம், குரல், கண் எல்லாம் அப்படியே எண்வகைத் தேர்வில், அதாவது நோயறியும் எட்டு வகைச் சோதனையில், வரும். இப்படி உடம்பைப் பார்த்துப் பழகிய இருவருக்குள் "எனக்கு மாதவிடாய் நோ தாங்க முடியவில்லை" என்றோ "இரவு நித்திரை வருவதில்லை" என்றோ சொல்ல வெட்கம் இருக்காது. வெளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத நெருக்கம் அது. ஒரு கட்டுப்பாடு மட்டும் வேண்டும். அங்கே கேட்டது வட்ஸ்அப் குரூப்புக்குப் போகக்கூடாது. ஒரு முறை போனால் அந்தக் குழு முடிந்தது.

வட்ஸ்அப்பைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். முழு பட்ச் குரூப் ஒன்று, செய்முறைக் குழுவுக்கு ஒன்று. அதற்கு மேல் வேண்டாம். மூன்று பேரை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாரும் இருக்கும் குரூப்பில் அவள் சேரவே கூடாது. அந்த மூன்று பேருக்கும் அது எப்படியும் தெரியவரும்.

வேறு பீடத்துப் பிள்ளைகளிலும் ஒரு சிநேகிதி வேண்டும். சித்த பட்சுக்குள் சண்டை வரும்போது போய் உட்கார ஒரு இடம் தேவை. சிங்களப் பிள்ளை ஒருத்தி கிடைத்தால் இன்னும் நல்லது. தமிழுக்குச் சிங்களம் என்று மாறி மாறிச் சொல்லிக்கொடுக்கலாம். பிறகு வைத்தியசாலையில் சிங்கள நோயாளி "கெக்குமய்" (நோகிறது) என்று காலைப் பிடித்துக்கொண்டு வரும்போது அது கைகொடுக்கும். ஆனால் வேறு பீடத்துப் பிள்ளைகள் மூன்று, நான்கு வருடத்தில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள், உங்கள் தங்கச்சிக்கு இன்னும் காலம் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

விடுதி கிடைக்காமல் வெளியே அறை எடுக்க வேண்டி வந்தால் கவனம். நிலாவெளி, உப்புவெளிக் கரை முழுதும் உல்லாசப் பயணிகளின் இடம். சித்திரைக்குப் பிறகு புரட்டாதி வரை சீசன். அந்த மாதங்களில் மாணவிகளுக்குக் கொடுத்த அறையைக் கூடுதல் வாடகைக்கு விடலாம் என்ற ஆசை வீட்டுக்காரருக்கு வரும். சோதனைக் காலத்தில் பெட்டியோடு பிள்ளைகளை வெளியே நிறுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று இந்த ஊரில் எத்தனை பேருக்கு உறைக்கிறது? கோயிலுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள்கூட வாடகை என்று வந்தால் வேறு ஆட்களாகிவிடுகிறார்கள். எங்கள் ஊரை நம்பிப் பிள்ளையை அனுப்புகிறார்கள், அந்த நம்பிக்கைக்கு ஒரு மரியாதை வேண்டாமா? இது கேள்விக்கு வெளியே போகிறது, தெரியும், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நீங்கள் செய்ய வேண்டியது, சீசனிலும் அதே வாடகை, இத்தனை மாதத்துக்கு அறை எங்களுக்கு என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே எழுத்தில் வாங்கிக்கொள்வது. தனியாக எடுக்காமல் மூன்று பேராக எடுங்கள், மூன்று பேரும் ஒரே பட்சாக இருந்தால் காலையில் ஒன்றாகப் போய் வரலாம்.

கடைசியாக உங்கள் பங்கு. வீட்டிலிருந்து பின்னேரம் ஆறு, ஏழு மணிக்கு அவளுக்கு போன் எடுக்காதீர்கள். குப்பியும் தேத்தண்ணியும் அந்த நேரத்தில்தான். ஒன்பதரைக்குப் பிறகு எடுங்கள். "சாப்பிட்டியா" என்பதோடு "இன்றைக்கு யாரோடு அரைச்சே?" என்றும் கேளுங்கள். இரண்டு மூன்று கிழமை தொடர்ந்து "தனியாத்தான்" என்று பதில் வந்தால் பெரிதாக்காமல், செய்முறைக் குழு வேலை மாற்றும் தாள் ஒட்டியிருக்கிறதா என்று விசாரியுங்கள். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, குளிக்காமல் கிடக்கிறாள் என்று தெரிந்தால் அது சிநேகிதப் பிரச்சினை இல்லை, உடனே மாணவ ஆலோசகரிடமோ வைத்தியரிடமோ காட்ட வேண்டும். அவளை விட வரும் அன்று அவசரப்பட்டுத் திரும்பாமல் அறைத்தோழிகளின் வீட்டாரோடு கொஞ்ச நேரம் இருந்து பேசுங்கள். அவர்களில் ஒருவருடைய அம்மாவின் நம்பரையாவது வாங்கிக்கொண்டு போங்கள்.